கிணற்றுக்குள் உறங்கும் கருவி

தண்ணீரில் உப்பு ஏறுகிறதா என்று பார்க்கும் சிறு கருவியொன்றை லயனல் தங்கள் கோப்பாய் வீட்டுக் கிணற்றில் இறக்கி ஏழு மாதமாகியிருந்தது. போரால் மின்சாரம் நின்று, பற்றரிக்கும் அரசாங்கத் தடை வந்திருந்த காலம் அது. கருவியோ விரலளவான ஒரேயொரு பென்ரோச் பற்றரியில் ஓடியது. கொழும்பில் இருந்தபோது அவன் எழுதிய கொம்பியூற்றர் நிரலின் வேலை. மின்சுற்றின் படத்தைக் கொடுத்தால், எந்தப் பகுதி எப்போது சும்மா இருக்கிறது என்று நிரலே தேடிப் பிடிக்கும். அந்த நேரம் அங்கே மின்துடிப்புப் போகாதபடி சுற்றைத் தானே திருத்தி வரையும். வேலை வந்தால் விழிப்பு, மற்ற நேரமெல்லாம் உறக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது, இஞ்சினியர் இப்போது கிணறு காக்கிறாராம் என்று அயலவர் கிறிஸ்துநாயகம் நக்கலடித்தார். லயனலின் தகப்பன் செல்வத்துரை மாஸ்ரருக்குப் பொறுக்கவில்லை. நாலு தலைமுறையாகப் படித்த குடும்பம். தேவாலய வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க அந்த ஒற்றைப் பற்றரியின் கதையைச் சொன்னார். லயனல் அவரின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆயுத இயக்கத்துப் பொறுப்பாளன் ஒருவன் சைக்கிளில் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, மாஸ்ரரிடம் படித்தவன் என்று சொல்லி, லயனலின் தாய் நேசம்மா கொடுத்த தேநீரை மரியாதையாகக் குடித்தான். கிணற்றைப் பற்றி அவன் கேட்கவேயில்லை. மண்ணுக்குள் வைத்தால் எத்தனை மாதம் கிடக்கும், மேலே பாரம் ஏறினால் அந்தக் கணமே விழிக்குமா என்றுதான் கேட்டான்.

"உது சரிவராது. விளையாட்டுக்குச் செய்தது. கிழமைக்கொரு பற்றரி மாத்திறன்," என்றான் லயனல்.

மாஸ்ரரின் முகம் சிவந்தது. வெளியாள் முன்னால் தன் வேலையைத் தானே குப்பை என்கிறானே.

"ஒருக்காலும் மாத்தேல்லை. ஏழு மாசம், என்ரை கண்ணாலை பாத்தனான். இன்னும் ஒரு வருசம் கிடக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் மகனைப் பார்த்தார். லயனலின் உதடுகள் வெளுத்திருந்தன. மண், பாரம், அந்தக் கணம் எல்லாம் அப்போதுதான் கண்ணிவெடியாக ஒன்றுசேர்ந்து அவருக்கு விளங்கின.

"தம்பி, எனக்கு வயசு போட்டுது. பிழையாச் சொல்லிப்போட்டன். அவன் சொன்னதுதான் சரி."

வந்தவன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான்.

"நீங்கள் பொய் சொல்லமாட்டியள், சேர். பள்ளிக்கூடத்திலை எங்களை அடிச்சதெல்லாம் பொய் சொன்னதுக்குத்தானே."

மின்சுற்றுப் படங்களையும் இரண்டு சோடி உடுப்பையும் எடுக்கும்படி லயனலிடம் சொன்னான். எத்தனை நாளைக்கு என்று கேட்டபடியே நேசம்மா உடுப்பை மடித்தாள். மாஸ்ரர் போய் வாசலை மறித்து நின்றார். வந்தவன் அவரைத் தொடவில்லை, பொறுமையாகக் காத்திருந்தான். கடைசியில் லயனல்தான் தகப்பனின் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினான்.