சாமைக்காட்டின் ஆறு பாட்டு

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு நாட்டுப்புறப் பாடகர் பிரதாப் சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று கேன்டீன் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஜோதிமணிக்குச் சோறு இறங்கவில்லை. விழாவுக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

தரப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அவள் ஒரு காலத்தில் பாடியவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. இருபது வயதில் தளியிலிருந்து பஸ் ஏறி வந்து பிரதாப்பின் குழுவில் பாடினாள். அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவனுடைய முதல் ஆல்பம் 'சாமைக்காடு'. எட்டுப் பாட்டில் ஆறு அவள் எழுதியவை. சிடி வந்தபோது அட்டையில் 'பாடல், இசை, குரல்: பிரதாப்' என்று இருந்தது. கேட்டதற்கு, அடுத்த பதிப்பில் பேர் போட்டுவிடலாம் என்றான். அடுத்த பதிப்பிலும் வரவில்லை. மறுபடி கேட்டபோது குழுவினர் எல்லார் முன்னாலும், "நாலு வரி கிறுக்கினவங்க எல்லாம் கவிஞராம்மா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு பாட்டை விட்டுவிட்டு வந்தவள்தான். பதினாறு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

விழா மேடையில் விருந்தினரை அறிமுகம் செய்பவள் மனிதவளப் பிரிவு லாவண்யா. போன வருடம் அவள் வாசித்தது இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுத்தது. இந்த வருடமும் அங்கிருந்துதான் எடுப்பாள். ஜோதிமணி கணக்காகப் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

அன்று சாயங்காலமே அவள் 'சாமைக்காடு' கட்டுரையைத் திறந்தாள். மூன்றே வரி. 'பாடல்கள் அனைத்தையும் பிரதாப் எழுதினார்' என்பதில் 'எழுதினார்' என்ற சொல்லை அழித்து 'திருடினார்' என்று போட்டாள். அப்படிப் போட்டது இனித்தது. அரை மணி நேரத்தில் அது நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் ஸ்டீவ் என்கிற தன்னார்வத் தொகுப்பாளர். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகவே கேட்டிருந்தார்: அச்சில் வந்த ஆதாரம் உண்டா? நீங்கள் சம்பந்தப்பட்டவரா?

பொய் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில், அந்தப் பாட்டுகளை எழுதியவள் நான்தான் என்று உண்மையையே எழுதினாள். அப்படியானால் நீங்கள் கட்டுரையில் கை வைக்க வேண்டாம், ஆதாரத்தைக் கொடுங்கள், சரிபார்த்து நான் சேர்க்கிறேன் என்று பதில் வந்தது.

வார விடுமுறையெல்லாம் தேடலில் போயிற்று. கிருஷ்ணகிரியில் ஒரு நூலகத்தில், நின்றுபோன மாத இதழொன்றின் பழைய கட்டுகளைப் புரட்டினாள். மூன்றாவது வாரம் அகப்பட்டது. ஆல்பம் வெளிவந்த புதிதில், அப்போது இன்னும் பிரபலமாகாத பிரதாப் கொடுத்த பேட்டி. 'ஆறு பாட்டு தளி ஜோதிமணி எழுதியது, நான் மெட்டுதான் போட்டேன்' என்று அவனே சொல்லியிருந்தான். அவள் வாய்விட்டுச் சிரித்ததில் நூலகர் சரசம்மா நிமிர்ந்து பார்த்தார். பெங்களூருக் கன்னடப் பத்திரிகை ஒன்றின் விமர்சனமும் கிடைத்தது. பள்ளிக்கூடத்திலேயே கன்னடம் படித்தவள் அவள். மூன்றாம் பாட்டில் ஒலித்த ஜோதிமணியின் குரலை அது பெயர் சொல்லிப் புகழ்ந்திருந்தது.

கூடவே, பிரதாப் குடித்துவிட்டு மேடையில் விழுந்த செய்தியையும் அனுப்பினாள். ஆல்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஸ்டீவ் மறுத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கேட்டதையெல்லாம் தேடிக் கொடுத்தாள்: பாடல் பட்டியல், பறை வாசித்தவர் பெயர், பதிவு நடந்த இடம், பிரதாப்பின் மெட்டைப் புகழ்ந்த வரிகள்கூட. புகழ்ச்சி கூடக் கூட, ஆறு பாட்டு அவளுடையது என்ற அந்த ஒரு வரி ஆழமாக வெட்டும் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. விழாவுக்கு முன்பே ஸ்டீவ் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கட்டுரையில் சேர்த்துவிட்டார்.

விழாவில் லாவண்யா காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனாள். "இத்தொகுப்பின் எட்டுப் பாடல்களில் ஆறை எழுதியவர் தளியைச் சேர்ந்த ஜோதிமணி. பிரதாப்பே ஒரு பேட்டியில் இதைத் தெரிவித்திருக்கிறார்." வாசித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் தேடினாள். நம்ம ஜோதி அக்காவா என்று அசெம்பிளிப் பெண்கள் திரும்பினார்கள். கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

பிரதாப் சமாளிக்கத் தெரிந்தவன். மைக்கை வாங்கி, இந்தத் தங்கச்சியைத்தான் இத்தனை வருடமாகத் தேடுகிறேன், மேடைக்கு வந்து என்னோடு பாட வேண்டும் என்றான். அவள் ஏறினாள். அவன் நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இது நான் எழுதின பாட்டுங்க. இன்னைக்கு நான் மட்டும் பாடறேன். அண்ணன் உக்காந்து கேக்கட்டும்."

அவன் உட்கார்ந்தான். இரண்டாவது அடியில் அவள் குரல் உடைந்தது. நிறுத்தாமல் கடைசி அடிவரை பாடினாள்.

கார் அருகில் அவளை மறித்தான். "ஒரு போன் பண்ணியிருந்தா நானே பேர் போட்டிருப்பனே ஜோதி. இப்படி அசிங்கப்படுத்தணுமா?"

"ரெண்டு தடவை கேட்டேங்க."

அவன் தரையைப் பார்த்தான். "தப்புதான். மன்னிச்சிரு."

இதைக் கேட்கத்தான் காத்திருந்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்டபோது உள்ளே ஒன்றும் இளகவில்லை. "மன்னிக்கறதுக்காக நான் இதைச் செய்யலீங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

அவன் வீட்டில் அவள் விட்டுவந்த நோட்டிலிருந்து ஒரு தாலாட்டு அவனுடைய இரண்டாவது ஆல்பத்தில் வந்திருக்கிறது. பஸ் சிப்காட்டைத் தாண்டுமுன் ஜோதிமணி போனை எடுத்து அந்த ஆல்பத்தின் கட்டுரையைத் திறந்தாள்.