பழக்கி வைத்த பிரஷ்

டம்ளர் தண்ணீருக்குள் முடி மெல்ல விரிந்துகொண்டிருக்கிறது, அடிக்கட்டு இறுக்கமாக அப்படியே நிற்க நுனிகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, தண்ணீரைக் குடித்து, கனத்துச் சாய்கின்றன, செசிலி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அடுப்பில் பால் பொங்கப்போகிறது, பொங்கட்டும், இது ஊறுகிற நேரத்தில் வேறு எதையும் தொடுவதில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம், கஸ்பார் சொல்லிவிட்டுப் போனது ஊற வை, நுரை எடு, உதறிக் காய வை, அவ்வளவுதான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிரு என்று அவன் சொல்லவில்லை, அவன் கப்பலில் இன்ஜின் ரூமில் இருக்கிறான், எந்தக் கடலில் அந்தக் கப்பல் போகிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, தூத்துக்குடியில் இந்த வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கும் கண்ணாடிக்கு முன்னால், அவனுடைய ஷேவிங் பிரஷ் இருக்கிறது, பன்றிமுடி பிரஷ், மலிவிலும் மலிவு, அதை மெத்தென்று பழக்கி வைக்கிற பொறுப்பு அவளுடையது.

அதை வாங்கிய நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், பழைய பிரஷ் வழுக்கை விழுந்து நின்றதால் இருவருமாகக் கடைக்குப் போனார்கள், கப்பல்காரன் வந்திருக்கிறான் என்றதும் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வெளிநாட்டுப் பிரஷ் ஒன்றை எடுத்து வைத்தார், ஏதோ காட்டு மிருகத்தின் முடியாம், தொட்டால் பூனைக்குட்டி வயிறு, செசிலிக்கு அதைக் கீழே வைக்க மனமே வரவில்லை, கஸ்பாரோ டேப் ரெக்கார்டரையும் சென்ட் பாட்டிலையும் விலை கேட்காமல் வாங்குகிறவன், அதை ஒதுக்கிவிட்டு மேலே கயிற்றில் பிளாஸ்டிக் பையில் தொங்கியதைக் காட்டினான், அது பன்னிமுடிங்க என்று கடைக்காரர் கூச்சத்தோடு சொல்ல, அதத்தான் கேக்கேன் என்றான். கடையை விட்டு இறங்கியதும் இவள் முகம் வாடியதைப் பார்த்து வழி நெடுக விளக்கம், ஏட்டி, அது கடையிலயே மெத்துனு இருக்கு, இனிமே அது ஆகுறதுக்கு என்ன இருக்கு, தேயத்தான் செய்யும், இது இன்னைக்கு முள்ளு, தினம் ஊறி ஊறி நுனி ரெண்டாப் பிரிஞ்சதுக்கு அப்புறம் தொட்டுப் பாரு, அடி வெறைப்பாத்தான் நிக்கும், கட்டிச் சோப்பக் கிண்டி நுரை எடுக்க அந்த வெறைப்பு வேணும், முகத்துல படுற எடம் மட்டும் பூவா இருக்கும், என்றான், உங்க அம்மாவைப் பத்திச் சொல்றீங்களா என்று இவள் கேட்டாள், ரோட்டில் நின்று சிரித்தான்.

மறுநாள் காலையில் அந்த முள் அவன் கன்னத்தைப் பிறாண்டிவிட்டது, நனைந்ததும் மழையில் நின்ற ஆட்டின் வாடை வேறு, பன்னி இன்னும் சாகல பிள்ள என்று நுரை முகத்தோடு கத்தினான். அவன் ஷேவ் செய்வதைப் பார்ப்பதுதான் செசிலிக்குக் கல்யாணம் தந்த பெரிய சந்தோஷம், வெளியே சொல்ல முடியுமா இதை, சட்டையில்லாமல் தோளில் துண்டோடு கண்ணாடி முன் நின்று, நுரையைச் சுழற்றிச் சுழற்றிப் போட்டு, வழித்து முடித்ததும், ஏட்டி இங்க முள்ளு மிச்சம் இருக்கா பாரு என்று தாடையை நீட்டுவான், ஒரு முள்ளும் இருக்காது, தடவிப் பார்க்கக் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரியும், அவன் அம்மா, மாமி, அடுப்படியிலிருந்து வருகிறாளா என்று பார்த்துவிட்டு விரலால் தடவுவாள், பத்தாது என்பான், புறங்கையால் தடவுவாள். விடுப்பு முடிந்து அவன் கிளம்பும்போது அந்த வழுக்கைப் பிரஷையே எடுத்துக்கொண்டான், புதியதை இவள் கையில் கொடுத்து, நீ பழக்கி வை, நான் வரும்போது பதமா இருக்கணும் என்றான், அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த செசிலி சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலில் உள்ளங்கையில்தான் நுரை எடுத்தாள், முடி ஒன்றிரண்டு உதிரும், அவளுக்குப் பதறும், பிறகு உதிர்வது நின்றது, ஆட்டு வாடை போய்ச் சோப்பு வாடை ஏறியது, உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு மென்மை எங்கே தெரியப்போகிறது என்று முழங்கைக்கு உள்பக்கம் போட்டாள், ஒருநாள் மாமி பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கண்ணாடியைப் பார்த்துத் தன் கன்னத்தில் போட்டாள். போட்டதும் அவன் வாடை அப்படியே, பக்கத்தில் வந்து நின்றுவிட்டான், கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள், தாடை, காதோரம், கழுத்து, கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் பாதி வெள்ளையாக ஒரு பைத்தியக்காரி, வாசலில் மாமி. ஏளா, ஒனக்கு மீசை மொளைக்குதா, சொல்லவே இல்ல, என்றாள் மாமி, பிரஷைக் கழுவுறேன் மாமி என்று சொன்னாள் செசிலி, கன்னத்துலயா கழுவுவாவ என்று கேட்டுவிட்டு மாமி உள்ளே போய்விட்டாள், அதற்குப் பிறகு அந்த நேரத்தில் பின்கட்டுப் பக்கம் அவள் வருவதே இல்லை, வந்தாலும் இருமிவிட்டுத்தான் வருவாள். தினமும் கன்னத்தில்தான், நுனிகள் பிரிந்து பூவாகிவிட்டதைக் கன்னம்தான் முதலில் சொன்னது, வா, சீக்கிரம் வா, எல்லாம் பதமாக இருக்கிறது என்று கடல் இருக்கிற திசையைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொள்வாள், வெட்கம்கெட்ட ஏக்கம், இருக்கட்டும்.

வந்தான், தாடியோடு வந்தான், நெஞ்சைத் தொடுகிற தாடி, நேர்ச்சை என்றான், நடுக்கடலில் புயலாம், பிழைத்தால் தாடி வளர்த்துக் கோயிலில் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டானாம், உவரி அந்தோனியார் கோயிலில் போய்த்தான் எடுப்பானாம், இந்த விடுப்பில் முடியாது, அடுத்த தடவை என்றான், செசிலி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டாள், புனிதரோடு போட்டி போட முடியுமா. பிரஷ் கண்ணாடிக்குக் கீழே தயாராக நிற்கிறது, அவன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, பின்கட்டில் முகம் கழுவினாலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான், படுத்தால் சுவரைப் பார்த்துப் படுக்கிறான், இவள் கை தாடிப் பக்கம் போனால் மெதுவாக எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்கிறான், கோபமில்லை, பிரியமாகத்தான் எடுத்து வைக்கிறான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, கடலில் இருந்தபோதுகூட அவன் இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது மாமி வேன் பேசுகிற கதையை எடுத்தாள், அடுத்த வருசம் அவன் வந்ததும் எல்லாருமாப் போயிருவோம், வேளாங்கண்ணி மாதாவுக்குல்லா நேர்ந்திருக்கான் என்றாள். செசிலியின் கை நின்றது, உவரி அந்தோனியாருக்கு என்றல்லவா சொன்னான், ஒரு தாடியை இரண்டு கோயிலுக்கு யாராவது நேர்வார்களா, மனுசனுக்கு ஆயிரம் மறக்கும், உயிர் போகிற நேரத்தில் யார் காலைப் பிடித்தோம் என்பது மறக்குமா, அப்படியானால் புயலும் இல்லை நேர்ச்சையும் இல்லை, வேறென்ன இருக்கிறது, ஏதோ துறைமுகத்தில் ஏதோ ஒருத்திக்கு அந்தத் தாடி பிடித்திருக்கிறதா, என் விரல் பட்டால் என்ன ஆகும் அவனுக்கு, இன்னும் சில நாளில் கப்பலுக்குப் போய்விடுவான், இப்படியே போனால் இனி எத்தனை தடவை வந்தாலும் என்னிடம் வரப்போவதில்லை, இறால் வாடைக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல டம்ளரில் ஊற வைத்தாள், நின்று பார்த்தாள், எடுத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த துணி துவைக்கும் கல்லுக்குப் போனாள், இந்தத் தாடி எந்தக் கோயிலுக்குங்க என்றாள், சொன்னேனே உவரிக்குன்னு என்றான், மாமிக்கு வேளாங்கண்ணியாமே என்றாள். கத்தி வேண்டாம், எந்தச் சாமிக்கும் குத்தமில்ல, நுரை மட்டும் போடுறேன், அதுகூட மாட்டேன்னா நீங்க இப்பமே கப்பலுக்குப் போயிருங்க என்று அவள் சொல்கிறாள், பதிலுக்குக் காத்திருக்காமல் வலப்பக்கம் போடுகிறாள், தாடிக்குள் நுரை இறங்குகிறது, இடப்பக்கம் போனதும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான், அவள் இழுக்கவில்லை, அப்படியே நிற்கிறாள், பிறகு அவனே விட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். காதுக்குக் கீழே ஈரத்தில் முடி ஒதுங்கியதும் தெரிந்தது, முடியே முளைக்காத தோல், ஆறிய பாலில் ஆடை சுருங்கின மாதிரி, காதிலிருந்து கழுத்துவரை, ஸ்டீம் பைப் வெடிச்சிட்டு என்றான் கண்ணைத் திறக்காமல், ஆறினதுக்கு அப்புறம் கப்பல்ல அந்தப் பழைய பிரஷப் போட்டேன், கம்பியாக் கிழிச்சிட்டு, பிறகு கண்ணாடியே பாக்கல, நீ பாத்தா மூஞ்சியத் திருப்பிருவியோன்னு பயந்துட்டேன் செசிலி.

அவள் அந்தத் தோல்மேல் பிரஷைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், மெதுவாக, காதோரம், தாடை, கழுத்து, வலிக்கும் என்று இறுகியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவது அவள் கைக்குத் தெரிந்தது. வலிக்கலியே என்றான், எப்படிப் பழக்கின, கையிலயா. கையில கொஞ்ச நாள்தான். அப்புறம் என்றான். என் கன்னத்துலதாங்க, இந்தப் பக்கம், தினம், என்று தன் இடக்கன்னத்தைக் காட்டினாள், அவன் கண்ணைத் திறந்து அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நுரை வழிந்து மடியில் விழுந்தது, கத்தியை எடுத்துட்டு வா பிள்ள என்றான் கடைசியில், மாமிக்கு என்ன சொல்லுவீங்க என்று கேட்டாள், உள்ளதத்தான் சொல்லணும், மாதா மேல பொய் சொன்னதுக்கு மண்டையில ரெண்டு போடுவா, வாங்கிக்கிடுவேன் என்றான், மாமி போடவில்லை, வழித்த முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

இந்தத் தடவை பழக்கிய பிரஷை அவன் எடுத்துக்கொண்டு போகிறான், அதைவிட முரடான ஒன்றை அந்தத் தோல் தாங்காது, கிளம்புவதற்கு முன்னால் அதே கடைக்குப் போய், கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்க விடாமல், கயிற்றில் தொங்குவதில் இன்னொன்று வாங்கி இவள் கையில் வைத்தான். கப்பல் கிளம்பிவிட்டது, மாமி வழக்கமாகக் கோயிலுக்குப் போகாத நாளிலும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், டம்ளர் தண்ணீருக்குள் புது முடி விறைத்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் விரியவில்லை, வாடை மட்டும் எழும்பி வருகிறது, செசிலி காத்திருந்து பார்க்கிறாள், பிறகு எடுத்துச் சோப்பில் கிண்டுகிறாள், உள்ளங்கை வேண்டாம், முழங்கை வேண்டாம், முதல் நாளே நேராகக் கன்னத்தில் வைக்கிறாள், குத்துகிறது, குத்தட்டும்.