யவோரிச்கா ஊரார் ஒன்றியம்

இளவேனிற் கதிரவன் பச்சைப் பட்டுடுத்த குன்றுகளையும், குன்றுச்சியில் முதுபெருங் காவலன்போல் நிமிர்ந்திருக்கும் பழங்கோட்டையையும், அதன் அடியிற் பரந்த செருமனியின் பீலெஃபெல்ட் நகரின் செந்நிறக் கூரைகளையும் பொன்னொளியால் நீராட்டிய நண்பகற்பொழுதில், தமிழர் அரங்கொன்றில் நாற்காலிகளை வரிசையாக்கிவிட்டு வாயிலையே நோக்கி நின்றார் கதிர்காமநாதன். அழைப்பு யாழ்ப்பாணத்து ஊர் எதற்குமன்று, அன்புடைய படிப்போரே; உக்ரேனிய மலைமடியிலுள்ள யவோரிச்கா என்னும் சிற்றூருக்கு!

அவர் வீட்டின் மேல்மாடியிற் குடிவந்த கலீனாவை எல்லாரும் எந்த நாடு என்று வினவியிருக்க, எந்த ஊர் என்று வினவியவர் அவர் ஒருவரே. அவள் சொன்ன ஊரோ, நிலவும் குனிந்து கடக்கும் மலைகளுக்கிடையே, துரினா ஆற்றின் இருகரையிலும் கிடப்பது. மலைமேல் அணைதேக்கித் திறந்துவிட, பொங்கிவரும் புனலில் மரக்கட்டைத் தெப்பமேறி அவ்வூர் ஆடவர் இடியோடு போட்டியிட்டு இறங்கிய காலமும் உண்டு. வியன்னாப் பேரரசர் கொடி, செக்கோசுலோவாக்கியர் கொடி, அங்கேரியர் கொடி, சோவியத்துச் செங்கொடி, இன்றைய நீலமஞ்சட் கொடி என, ஊர் ஓரடியும் அசையாதிருக்க, நாடுகளே அதனைத் தேடி வந்துபோயின. கூட்டிச் சொல்வதாக எண்ணவேண்டா, குறைத்தே சொல்லப்படுகிறது.

"உங்கள் ஊரார் ஒன்றியம் செருமனியில் எங்கே கூடுகிறது?" என்று அவர் கேட்க, அப்படியொன்று இல்லையென்றாள் அவள். யாழ்ப்பாணத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் அயல்நாட்டில் ஓர் ஒன்றியம் கண்டு பழகிய கதிர்காமநாதன், கதவில்லா வீட்டைக் கண்டவர்போல் திகைத்தார். போரால் சிதறிய தன் ஊராருள் ஒருவரேனும் இந்நாட்டில் உளரோ என்பதும் அறியாது வாடியவளுக்காக, அன்றே ஒன்றியம் நிறுவிக் கைபேசி வழியே ஊர்தோறும் அழைப்பு விடுத்தார்.

இன்றோ குறித்த நேரம் கடந்தது. அரங்கு நிறைந்தது, ஆனால் வந்தவரெல்லாம் வடை மணம் பிடித்து வந்த தமிழரே. முன்வரிசையிற் கலீனா தலைகுனிந்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டிப்போட்டு இப்ப என்ன செய்யப் போறியள்?" என்றார் மனைவி புஸ்பவதி.

"ஊரெண்டால் சனம் வரும். பொறுமப்பா" என்றவர், மேடையேறித் துரினா ஆற்றைப் புகழ்ந்து கடலாக்கினார்.

"அண்ணை, போன கிழமை ஆறு இவ்வளவு அகலமில்லையே!" என்றார் பின்வரிசை நவரத்தினம்.

"மலையில மழை, தம்பி!"

சிரிப்பொலி அடங்குமுன், கொலோனிலிருந்து தொடரியேறி வந்த நரைமீசைக்காரர் ஒருவர் வாயிலில் தோன்றினார். கலீனா துள்ளியெழுந்து "பெத்ரோ!" என்றாள். தழுவினர், அழுதனர், பின் ஒருவர்மேல் ஒருவர் விரல்நீட்டி, கூரை அதிரப் பூசலிட்டனர்.

"வெள்ளத்தில் எங்கள் பாலத்தை உடைத்தது இவருடைய கரையின் மரம்! எங்கள் கரையின் மரமென்று பொய்யுரைக்கிறார்!" என்று கண்ணீரும் சினமுமாய்ச் செருமானிய மொழியில் அவையிடம் முறையிட்டாள் கலீனா.

"ஐயோ, சண்டையெல்லே பிடிக்கினம்! போய் விலக்குங்கோ!" என்று பதறினார் புஸ்பவதி.

"விலக்கிறதோ? ஒன்றியம் இப்பத்தானப்பா தொடங்கியிருக்கு!" என்று கைதட்டினார் கதிர்காமநாதன்.

வடை ஆறிற்று, வெயில் சாய்ந்தது, பூசலோ ஓயவில்லை. ஒருவரும் அறியா ஊரை ஊரறியப் புகழ்தல் எவர்க்கும் இயலும். ஆயின் அதன் பாலம் எக்கரை மரத்தால் உடைந்ததென்று மறுத்துரைக்க, அவ்வூரிற் பிறந்த இன்னொருவர் வேண்டும். அத்தகைய ஒருவரைப் பெற்ற கலீனா, அயல்மண்ணிற் கால்வைத்த நாள்தொட்டு முதன்முறையாக, தன் ஊரைப் பற்றி எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாதவளாய், வாயார வழக்காடிக்கொண்டிருந்தாள்.