ஏசி வேண்டாத பள்ளிக்கூடம்

அக்கா உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை, தங்கை ஆரம்பப் பள்ளிக்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்து நிமிஷம் பேசவிட்டால் நம்பிவிடுவார்கள், அப்படி ஒரு சண்டை. இந்த இரண்டு பேரின் பள்ளிகளையும் ஒரே கட்டடத்தில் குடியேற்றலாம் என்று கல்விக் குழுவில் எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போடும் போட்டியில் ஜெயித்தது அக்காவின் மகள். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் சித்தி, நடுவில் அவள். மத்தளம் பட்ட பாடுதான்.

ஆனாலும் கட்டி முடித்துவிட்டாள். ஏசியே கிடையாது. மண்ணுக்கடியில் புதைத்த நீளக் குழாய்களில் வெளிக்காற்று குளிர்ந்து வகுப்பறைக்குள் வரும். ஒவ்வொரு கதவுக்கும் மேலே கம்பித் தடுப்பு போட்ட ஒரு துளை. சூடான காற்று அது வழியே நடுக்கூடத்துக்குப் போய், கூரைக்கு மேலே புகைபோக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உயரமான கூண்டில் ஏறி வெளியே போய்விடும். நடுக்கூடம் இரண்டு பள்ளிக்கும் பொது. ஒரே நூலகம், ஒரே மேடை, சின்னதும் பெரிசும் சேர்ந்து உட்காரப் படிக்கட்டு. அந்தக் கூடத்தில்தான் அவள் உயிரே இருந்தது.

திறந்த புதிதில் எல்லாம் ஜோராக ஓடியது. பிறகு என்ன கண் பட்டதோ, வகுப்பறைகள் இட்லிப் பானை மாதிரி வேக ஆரம்பித்தன. குழுத் தலைவர் இன்று பார்க்க வருகிறார். தெர்மாமீட்டர் இறங்காவிட்டால் துளைகளை அடைத்து, அறைக்கு அறை ஏசி மாட்டி, கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிடுவார்களாம்.

காலையிலிருந்து அவள் குழாயைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள். எங்கேயும் ஒரு குறையும் இல்லை. கடைசியில், அம்மாவின் அறைக்கு எதிரே இருந்த வகுப்பின் துளையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். நூல் செத்ததுபோல் தொங்கியது. ஏணியில் ஏறி, கம்பித் தடுப்பைக் கழற்றி, கையை உள்ளே விட்டாள். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால், நீலக் கட்டம் போட்ட உறை, மூலையில் மைக்கறை.

அப்பாவின் தலையணை!

ஒரு வாரமாக அப்பா கழுத்துப் பிடிப்பு என்று வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்ததன் ரகசியம் ஏணி உச்சியில் விளங்கியது. அடுத்த துளையில் விருந்தாளிகளுக்கான தலையணை. இந்தப் பக்கம் பூராவும் அவள் வீட்டுச் சாமான். எதிர்ப்பக்கம் ஓடினாள். அங்கே சித்தி வீட்டு சோபா மெத்தைகள், சித்தப்பாவின் மப்ளர் உட்பட.

எல்லாவற்றையும் கூடத்தில் குவித்து, இரண்டு தலைமையாசிரியைகளையும் கூப்பிட்டாள்.

"ஏம்மா, யாரைக் கேட்டு இதைப் பண்ணே?"

அம்மா குவியலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "கணக்குப் பரீட்சை நடக்குதுடி. இவளோட வாண்டுங்க வாய்ப்பாடு கத்துறது அத்தனையும் அந்த ஓட்டை வழியா எங்க காதுலதான் விழுது. உன்கிட்ட சொன்னா நீ இடிஞ்சு போயிடுவே. வெளியே தெரிஞ்சா உன் கட்டடம் நொள்ளைன்னு நாலு பேர் பேசுவாங்க. அதான் கமுக்கமா..."

"உன் தடிப்பசங்க சிரிக்கிற சிரிப்புல என் பிள்ளைங்க அ, ஆவையே மறந்துடுச்சுங்க," என்றாள் சித்தி. "நான் ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டிருப்பேனா? நம்ம பொண்ணு கட்டினது!"

"அப்ப நீயும் அடைச்சியா?"

"நீ மட்டும் அடைக்கலாமா?"

அவளுக்குக் கோபப்படத்தான் ஆசை. வரவில்லை. காற்று போகிற வழியில் சத்தமும் போகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். காற்றையே கட்டிக்கொண்டு அழுதவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அதற்குள் குழுத் தலைவர் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எதிரே இருந்த வகுப்பறையை எட்டிப் பார்த்தார். உள்ளே தெர்மாமீட்டர் சொன்ன சொல் கேட்கும் பிள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. நூல் படபடவென்று அடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு கிளம்பியது.

"என்னம்மா இது, சந்தைக்கடையா?"

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. "என் தப்பு சார். சத்தத்தை நான் யோசிக்கவே இல்ல. ஒவ்வொரு துளைக்குள்ளயும் வளைஞ்சு போற மாதிரி ஒரு பெட்டி வச்சு, உள்பக்கம் பஞ்சு ஒட்டிட்டாப் போதும். காத்து வளைஞ்சு வந்துடும், சத்தம் அங்கேயே அமுங்கிடும். லீவுல முடிச்சுக் குடுத்துடுறேன்."

"லீவுக்கு இன்னும் நாள் இருக்கே," என்றார் அவர். தலைமையாசிரியைகள் பக்கம் திரும்பினார். "தினமும் இங்க உட்காரப் போறது நீங்க. மனசுல உள்ளதைச் சொல்லுங்க. இந்தச் சத்தத்தைத் தாங்க முடியுமா, இல்ல சுவரையே எழுப்பிடலாமா?"

"ஏழெட்டு ஐம்பத்து நாலு!" என்று சின்னதுகள் தொண்டை கிழிய அலறின.

"ஐம்பத்தாறு!" என்று இந்தப் பக்கத்துப் பெரிசுகள் ஒரே குரலில் திருப்பி அலறின. கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

"ஐம்பத்தாறு!" என்று சின்னதுகள் சந்தோஷமாகத் திருத்திக்கொண்டன.

அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. தங்கையும் அக்காவைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், ஒரே நேரத்தில் கேட்டார்கள்:

"எந்தச் சத்தம் சார்?"

தலைவருக்கு முதலில் வயிறு குலுங்கியது, பிறகு தோள், அப்புறம் ஆள் மொத்தமும். மடித்து வைத்த கைக்குட்டையை மறுபடி எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, சுவர் கிடையாது. போய்ப் பெட்டியைச் செய்யுங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அம்மாவின் கழுத்தில் ஒரு கையும் சித்தியின் கழுத்தில் ஒரு கையும் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அக்காவும் தங்கையும் கன்னத்தோடு கன்னம் இடிக்க மாட்டிக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாக அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. "விடுடி, பிள்ளைங்க பார்க்குது," என்றாள் அம்மா. ஆனால் நகரவில்லை.