சொந்தக் காரணங்கள்

...வீட்டுப் பொண்ணாம், எந்த வீட்டில் பெண்ணுக்கு வருகைப் பதிவேடு வைக்கிறார்கள், பிரிசில்லா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே பல்லைக் கடித்தாள், கண்ணாடித் தகட்டில் இறால் குஞ்சுகள் துள்ளின, இவைகூட இருபது நாளில் நெல்லூர்ப் பக்கம் ஏதாவது குளத்துக்குப் போய்விடும், நான்கு வருஷமாக நான் எங்கே போனேன்... கடப்பாக்கம் கடலோரத்து இந்தக் குஞ்சுப் பண்ணையில் விலங்கியல் படித்தவள் அவள் ஒருத்திதான், அவள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான், ஆனால் மேனேஜர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது முதலாளியின் அக்கா மகன் பரணிதரன், மைக்ராஸ்கோப்பில் எந்த முனையில் கண் வைப்பது என்றே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பரணிதரன். நேற்று வியாபாரிகள் முன்னால் முதலாளி ராஜாராம் என்ன சொன்னார்? "நம்ம வூட்டுப் பொண்ணு மாரி. பிரிசி, நாலு காபி எடுத்தாம்மா." குஞ்சுக்கு நோயில்லை என்று பார்த்து எழுதியவள் இவள், கையெழுத்துப் போட்டவன் அவன், காபி ஆற்றியவள் மறுபடி இவள். "எனக்கு சக்கர கம்மிக்கா" என்றான் அவன். அக்காவாம்.

அந்தச் சூட்டிலேயே இங்கிலீஷில் ராஜினாமாக் கடிதத்தை அடித்து ராஜாராம் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள், திங்கட்கிழமை கேளம்பாக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிடலாம், இவர் முகத்தில் முழிக்கவே வேண்டாம்... இங்கிலீஷ் கடிதம் எது வந்தாலும் அவளைக் கூப்பிட்டுத்தான் அவர் படிக்கச் சொல்வார், அதை எப்படி மறந்தாள்? மறுநாள் காலையிலேயே ஆள் விட்டுக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தையே அவளிடம் நீட்டினார்.

"பிரிசி, இது எந்த பேங்க்குலேர்ந்து வந்துகீது, படி."

"பேங்க் இல்ல சார். நான்தான் எழுதினேன். வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீயுமா? இன்னா காரணம்னு போட்டுக்கீற?"

காகிதத்தைப் பார்த்தாள். சொந்தக் காரணங்களுக்காக. வேலையை விட்டபோது ஜோயலுக்கும் இதைத்தான் அடித்துக் கொடுத்தாள், ஈர மோட்டாரில் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்ட ஜோயலுக்கு, தொட்டி கழுவிய சின்னப்பொண்ணுக்கும் இதேதான், பெண்களுக்குக் கதவு வைத்த ஒரு கக்கூஸ் கேட்டு இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டுப் போன சின்னப்பொண்ணு, இன்னும் நாலு பேருக்கும் இதேதான், நாசூக்காக இருக்கட்டும் என்று நான்தானே எழுதினேன், கடிதம் என்றால் இப்படித்தான் என்று எனக்கு யார் சொன்னது? ஒவ்வொரு தடவையும் இந்த மனிதர் இன்னா காரணம் என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள், சொந்தக் காரணமாம் சார் என்றாள். கேட்டதனால் இவர் நல்லவராகிவிடவில்லை, கக்கூஸ் இல்லாதது இவர் கண்ணுக்குத் தெரியாதா, மருமகன் முட்டாள் என்பது தெரியாதா... ஆனால் ஆறு பேருடைய வாயை அடைத்து, ஒட்டி, உறையில் போட்டது யார் கை?

"சொல்லும்மா, இன்னா காரணம்?"

வெளியே மோட்டார் கடலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள், நாக்கு பழக்கத்தில் 'சொந்த' வரைக்கும் தானாகவே போய்விட்டிருந்தது.