உரிமையாளரே பேச வேண்டும்

1
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எரிச்சல் முதலில் பக்கத்து வீட்டு மார்யுனுடையது. ஒரு வாரமாக எனக்கும் தொற்றிக்கொண்டது.

'நோயால் குரல்வளையை இழந்த டான்யல், அமைதியான அந்த மனிதர்...'

அடித்துவிட்டேன். இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது. ஆளோ என் சமையலறையில் முறைத்துக்கொண்டு காபி குடிக்கிறார்.

நேராகவே சொல்கிறேன். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சாக ஒலிக்கும் சின்னக் கருவிதான் இப்போது மார்யுனின் கணவர் டான்யலின் குரல். கோபன்ஹேகனில் வாங்கியது, வாரண்டி இன்னும் இருக்கிறது. போன வாரம் அது செத்துப்போனது. நாளை மலையிலிருந்து ஆடுகளை இறக்க வேண்டும். வாக்கி டாக்கியில் எல்லோரையும் அதட்டி நடத்துகிறவர் டான்யல். அவரால் பேச முடியாவிட்டால் அந்த இடம் ரோயிக்குப்* போகும். ஒருமுறை போனால் திரும்பி வராது.

(* ரோயி கெட்டவனில்லை. சொந்தக் குரலில் கத்துகிறான், அவ்வளவுதான்.)

2
டென்மார்க் வேறு நாடா என்று, டென்மார்க் ராஜாவின் கீழேயே இருக்கும் எங்கள் ஃபாரோ தீவுகளில் கேட்டுவிடாதீர்கள், விருந்து பாதியில் நின்றுவிடும். மார்யுன் போன் போட்ட கருவிக் கம்பெனிக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

"உங்க நாடு எங்க பட்டியல்லயே இல்லை மேடம்."

"நம்ம ரெண்டு பேருக்கும் ராஜா ஒருத்தர்தானேய்யா?"

"ராஜாவெல்லாம் வாரண்டியில வரமாட்டாரு மேடம்."

தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டார்களாம். கடைக்கு நேரில் கொண்டுவந்தால் பார்ப்பார்களாம். அதற்கு எங்களிடம் வழி உண்டு. மார்யுன் விமான நிலையத்துக்குப் போய், கோபன்ஹேகன் போகிற ஒருத்தியிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"யார்கிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஹெர்போர்க்கோட மககிட்ட."

"பேரு?"

"ஹெர்போர்க்கோட மகங்கறேன், அப்புறம் பேரு எதுக்குடி?"

3
இன்று கடையிலிருந்து போன் வந்தது. ஹெர்போர்க்கின் மகள் கவுண்டரில் நிற்கிறாள். மாலை விமானத்தில் திரும்புகிறாள்.

"உங்க சார்பா யாரை அனுப்பினீங்க? பேரு சொல்லுங்க."

மார்யுன் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஹெர்போர்க்கோட மக."

"அது பேரில்லையே மேடம். அப்படின்னா உரிமையாளரே பேசட்டும். அவர் குரல்ல 'சம்மதம்'னு பதிவானாத்தான் இவங்ககிட்ட புதுக் கருவி குடுக்க முடியும்."

"அவரால பேச முடியாதுப்பா."

"ஏன் மேடம்?"

"அவரு குரல் உன் மேஜை மேல கெடக்குதுய்யா!"

"புரியுது மேடம். அவர்கிட்ட போனைக் குடுங்க."

[இந்த ஊழியனை நல்லவனாக்கப் பார்த்தேன். வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையைக்கூடக் கொடுத்தேன். இந்த வரிக்குப் பிறகு பிடுங்கிக்கொண்டேன்.]

4
முதல் முடிவு: புதுக் கருவி வருகிறது. மலைமேல் மூடுபனி விலகுகிறது. 'இடது பக்கம் நெருங்குங்கடா, தூங்குமூஞ்சிகளா!' என்று டான்யலின் தகரக் குரல் பள்ளத்தாக்கெங்கும்...

இதை எழுதி அவரிடம் காட்டினேன். மூடுபனி என்ற சொல்லின் கீழ் நகத்தால் கோடு போட்டுவிட்டு, ஏளனமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் அது கதைக்காக விலகாது.

இரண்டாவது முடிவில் வாக்கி டாக்கியை ரோயியின் கையில் கொடுக்க வேண்டும். மாட்டேன். எனக்கு இந்தக் கிழவரைப் பிடிக்கும்.

5
உண்மையில் நடந்தது இவ்வளவுதான். டான்யல் போனைத் தன் பக்கம் இழுத்தார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு விரல் முட்டியால் போனின் மேல் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார்.

"ஹலோ? யாரு பேசறது?" என்றான் அவன்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். முடிவை அவன் கையில் விடுவதாக இல்லை. அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். கருவி உங்கள் முன்னால் கிடக்கிறது. எதிரே பேர் தெரியாத ஒரு பெண், விமானத்துக்கு நேரமாகிறது என்று தவிக்கிறாள். டான்யல் இன்னொரு முறை தட்டுகிறார்.

சொல்லுங்கள், பேசுவது யார்?