முப்பது குழி

பழைய நிலக் கணக்கை மீட்டருக்கு மாற்றுவது என் வேலை. நில அலுவலகத்தில் கடைசி அறை எனக்கு. ஜன்னல் உண்டு, திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகு தெரியும். அந்தக் காலத்தில் நிலத்தைக் கோலால் அளந்தார்கள்; ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தால் ஒரு குழி. குழியைச் சதுர மீட்டராக்கி எழுதிவிட்டு அடுத்த பத்திரத்தை எடுக்க வேண்டும். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து யாரிடமும் வாயே திறக்கவில்லை என்பது சில நாள் உறைக்கும்.

கணக்கு சுலபம்தான். ஆனால் எங்கள் முன்னோர்களுக்குச் சுலபம் என்றால் ஆகாது போலிருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு கோல் வைத்துக்கொண்டார்கள். கடைத்தெருப் பக்கம் குட்டைக்கோல், வயல் பக்கம் நெட்டைக்கோல். எந்தக் கோல் என்று எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டால் என் பாடு திண்டாட்டம். அதற்கென்று ஒரு விதி உண்டு. ‘கோல் தெரியவில்லை’ என்று நான் எழுதி அனுப்பினால் சர்வேயர் போவார். இரண்டு பக்கத்து உரிமைக்காரர்களும் நேரில் வந்து, டேப்பின் முனையை ஆளுக்கொன்றாகப் பிடிக்க வேண்டும். அவன் இழுத்துப் பிடித்தான், நான் ஏமாந்தேன் என்று பிற்பாடு யாரும் சண்டைக்கு வரக் கூடாதல்லவா.

போன மாதம் எங்கள் வீட்டுப் பத்திரமே என் மேஜைக்கு வந்தது. அப்பா எழுதியது. மீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் குழியில்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்த மனுஷர். மகளுக்கு முப்பது குழி, மிச்சம் மகனுக்கு. எந்தக் கோல் என்பதை அவரும் விட்டுவிட்டார்.

மகன் என்றால் என் தம்பி. அப்பா போனபின் வீட்டை மொத்தமாக விற்றுவிடலாம் என்றான். முடியாது என்றேன். வார்த்தை தடித்தது. முற்றத்தின் குறுக்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டு அந்தப் பக்கம் குடியிருக்கிறான். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அவன் வீட்டுக் குக்கர் விசில் எனக்குக் கேட்கும். நான் தனியாக டிவி பார்த்துச் சிரிப்பது அவனுக்குக் கேட்கும். மற்றபடி ஒன்றுமில்லை.

எங்கள் தெரு முழுக்கக் குட்டைக்கோல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதன்படி சுவர் சரியான இடத்தில்தான் நிற்கிறது. நெட்டைக்கோல் என்று வைத்தால் என் முப்பது குழி பெருத்து, சுவரைத் தாண்டி அவன் சமையலறை வரைக்கும் போய்விடும். அந்தச் சமையலறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்கு அவன் வர வேண்டும். பாசத்தோடு வராவிட்டாலும், அடுப்படி போகிறதே என்று சண்டை போடவாவது வருவான். ‘கோல் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

மேலதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “உங்க தெருவே குட்டைக்கோல்தானே மேடம்?”

“எங்கப்பா விஷயத்துல எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது சார்,” என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அளக்கும் நாளன்று லீவு போட்டேன். வீட்டைத் துடைத்தேன். தம்பிக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்று டீயில் ஒரு கரண்டி கூடவே போட்டேன். முதல் வார்த்தை என்ன பேசுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ‘நல்லா இருக்கியா’ என்றால் குழைவதுபோல் ஆகிவிடும். ‘டேப்பை ஒழுங்காப் பிடிடா’ என்று அதட்டலாம். அது அக்கா பேசுகிற மாதிரியே இருக்கும். இரண்டு மூன்று தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

சர்வேயர் தனியாக வந்தார்.

“தம்பி வரலையா?”

“வாசல்லயே பார்த்தேன் மேடம். வண்டி எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு, நேர்ல வராட்டியும் அதுவே போதும்.”

“சமையலறை போயிடும்னு சொன்னீங்களா?”

“சொன்னேனே. ‘அக்கா எந்தக் கோல்னு சொல்றாங்களோ அதான் கணக்கு, எங்கக்கா கணக்குல தப்பு வராது’ன்னுட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் மேடம்?”

அக்கா என்றிருக்கிறான், அதுவும் இரண்டு தடவை. என்னிடம் சொல்லாமல் இந்த மனுஷரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அடுப்படியே போனாலும் சரி, என் முகத்தில் மட்டும் விழிக்க மாட்டான். சர்வேயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீயை ஊற்றினேன்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். “சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி மேடம். சரி, எந்தக் கோல்னு போட்டுக்கட்டும்?”

“குட்டைக்கோல்.”

“அப்ப சுவரு இருக்கிற இடமே சரி. பின்னே ஏன் தெரியலைன்னு எழுதினீங்க?”

“ஏதோ ஞாபகத்துல எழுதிட்டேன்.”

அளக்க ஒன்றுமில்லை என்று பையை மூடினார். அவரும் போய்விட்டால் இந்தப் பகல் முழுவதையும் நான் என்ன செய்வது?

“வந்தது வந்தீங்க, ஒரு தடவை அளந்துட்டே போங்களேன்,” என்றேன்.

பாவம், நல்ல மனுஷர். டேப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். டேப் பெட்டியைத் தன் கையில் வைத்துக்கொண்டு அளவு படிக்கக் குனிந்தவர், நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

“நான் அளவைப் படிச்சு எழுதணும் மேடம். இந்த முனையைப் பிடிக்க வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?”

“சுவத்துல ஒரு ஆணி இருக்கு,” என்றேன். “அதுல மாட்டிக்கோங்க.”